தும்பைக்குளத்து வாட்ச் சோதனை

தும்பைக்குளத்தில் முட்டாள்களே கிடையாது. இது நானாகச் சொல்வதில்லை. அந்த ஊர்க்காரர்களே கூட்டம் போட்டு முடிவு செய்த விஷயம். "முட்டாள் யாராவது இருந்தா எழுந்து நில்லுங்கப்பா" என்று கேட்டுப் பார்த்தார்கள். ஒருத்தரும் எழவில்லை. கேட்டவர் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார். அவரையும் கையைப் பிடித்து உட்கார வைத்ததும் ஊர் சுத்தமாகிவிட்டது.

அந்த ஊரில் மாவு மில் வைத்திருந்தவன் வெள்ளைச்சாமி. நல்ல மனுஷன். ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவன். அவனுக்கு உயிர் என்றால் ஒன்றே ஒன்றுதான், அவன் பெண்டாட்டி செவந்தி. "சோறு வெந்ததும் கூப்பிடு" என்று ஒருநாள் சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டான். மத்தியானம் வந்து பார்த்தால், செவந்தி பானைப் பக்கத்தில் உட்கார்ந்து வெந்த சோற்றைப் பார்த்து "வா, வா" என்று தொண்டை கட்டக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சொன்ன பேச்சைத் தட்டாத அந்தக் குணத்தை நினைத்து வெள்ளைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்படிப்பட்ட செவந்தியை அவனுக்குக் கட்டிக்கொடுத்தவர் பக்கத்து ஊர் அழகுமலை. கல்யாணத்தன்று மாமனார் தன் கையிலிருந்த பழைய வாட்சைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கட்டினார். சாவி கொடுத்து ஓடுகிற ரகம்.

"எங்க அய்யா எனக்குக் குடுத்தது மாப்ளே. இதுவரைக்கும் ஒருநாளும் நின்னதில்லை. இது என்னைக்கு ஓடாம நிக்குதோ, அன்னைக்கே என் பொண்ணை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். பார்த்துக்கங்க!"

வேறு யாராவது சொல்லியிருந்தால் கல்யாண வீட்டுப் பேச்சு என்று விட்டுவிடலாம். அழகுமலை சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து வெள்ளைச்சாமி காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே வாட்சுக்குச் சாவி கொடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, காதில் வைத்துக் கேட்பான். டிக் டிக் என்றால் செவந்தி இருக்கிறாள் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் அவனுக்குக் காப்பி இறங்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஊரில் வாட்ச் சங்கம் ஆரம்பிக்கும் வரை.

சங்கத்தை ஆரம்பித்தவர் பரமகுரு. ஊரிலேயே பூதக்கண்ணாடி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரே தலைவர். மதுரைக்குப் போன இடத்தில் பழைய வாட்ச் கடை ஒன்றின் வாசலில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார். சும்மா ஒதுங்காமல், "ஏன் தம்பி, பழைய வாட்ச் வாங்குறதுல ஏமாத்து வேலை எல்லாம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரரும் மழை விடும் வரை பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். "எல்லாப் பாகமும் ஒரே வயசா, ஒண்ணுக்கொண்ணு ஜோடியா இருக்கணும் அய்யா. வாட்ச் பழசா இருந்து ஒரு பாகம் மட்டும் பளபளன்னு இருந்தா, அது மாத்தினது. பின்மூடியைத் திறந்து நம்பரைப் பாருங்க. உள்ளே ஒரு நம்பர், மூடியில வேற நம்பர்னா தொடவே தொடாதீங்க."

பரமகுரு அதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். வந்த அன்றே தும்பைக்குளம் பழைய வாட்ச் சேகரிப்போர் சங்கம் உதயமாயிற்று. டெய்லர் சோணைமுத்து சேர்ந்தார். ஆட்டுத் தரகர் இருளப்பன் சேர்ந்தார். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தே வயசு சொல்கிறவர் என்பதால், சங்கத்தில் வயசு நிபுணர் அவர்தான். வெள்ளைச்சாமியும் சேர்ந்தான். சேகரித்த வாட்சுகளை வைக்க அழகான ஒரு பிஸ்கட் டப்பா வாங்கினார்கள். டப்பா காலியாகவே இருந்தது. வந்த வாட்ச் எல்லாம் போலி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலி டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் பரமகுருவுக்குப் பெருமை தாங்காது. "பாரு, ஒரு போலி உள்ளே நுழைஞ்சிருக்கா?" என்பார்.

அப்போதுதான் மாமனாரிடமிருந்து போன் வந்தது. அழகுமலை கொஞ்ச காலமாக ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தவர். இப்போது எல்லாம் குணமாகி, நாளைக்குக் காலையில் மகளைப் பார்க்க வருகிறாராம்.

"வாட்ச் ஓடுதா மாப்ளே?"

"ஜம்முன்னு ஓடுது மாமா!"

உண்மையிலேயே ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெள்ளைச்சாமி அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மாமனார் வரும்போது, வாட்ச் சுத்த அசல் என்று சங்கமே சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தான். சனியன் எங்கிருந்து வருகிறது பாருங்கள். நல்ல எண்ணத்திலிருந்துதான் வருகிறது.

சங்கம் மில்லில் கூடியது. மாவு மூட்டை மேல் துண்டை விரித்து, துண்டு மேல் வாட்சை வைத்தார்கள். பரமகுரு பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார்.

"என்ன தெரியுது தலைவரே?"

"எல்லாமே பெருசாத் தெரியுது."

"அது நல்லதா, கெட்டதா?"

"பொறு." பரமகுரு நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "வெள்ளைச்சாமி, மனசைத் திடப்படுத்திக்க. இந்த முள்ளு ரெண்டும் ஜோடி இல்லை. ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அட ஆமாம்!

சோணைமுத்துவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு கை நீளமா, ஒரு கை குட்டையா நான் சட்டை தைச்சுக் குடுத்தா ஊர்ல விடுவாங்களா? என்ன அநியாயம் இது!"

"எல்லா வாட்ச்லயும் இப்படித்தானே அண்ணே இருக்கு?" என்று வெள்ளைச்சாமி மெதுவாகக் கேட்டான்.

பரமகுரு அவனைப் பாவமாகப் பார்த்தார். "அதனாலதானப்பா நம்ம டப்பா காலியா இருக்கு."

"இந்த நெட்டை முள்ளு வேற எவனோ ஒருத்தன் வாட்சோடது" என்றார் இருளப்பன். "அவன் அங்க ரெண்டு குட்டை முள்ளை வச்சிக்கிட்டு என்ன பாடு படுறானோ."

அந்த முகம் தெரியாத மனுஷனுக்காக எல்லோரும் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார்கள். பிறகு வாட்சின் கண்ணாடியைக் கழற்றி, சோணைமுத்து தன் கத்தரிக்கோலால் நெட்டை முள்ளை அளவாக வெட்டிச் சமப்படுத்தினார். நல்ல கைவேலை. பிசிறே இல்லை.

அடுத்து விநாடி முள் மாட்டியது. "மத்த ரெண்டு பேரும் நிதானமா இருக்காங்க. இவன் மட்டும் எதுக்கு இப்படி ஓடுறான்?" என்றார் பரமகுரு.

"களவாணிதான் ஓடுவான்" என்றார் இருளப்பன். அவர் தொழிலில் ஆடு பிடிக்கிற களவாணிகளை நிறையப் பார்த்தவர். ஓடுகிற முள்ளை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டார்கள்.

"இப்ப மணி என்ன?" என்று வெள்ளைச்சாமி கேட்டான்.

"மூணு" என்றார் சோணைமுத்து.

"பன்னெண்டேகால்" என்றார் இருளப்பன்.

இரண்டு பேரும் ஒரே வாட்சைத்தான் பார்த்தார்கள். பரமகுரு தீர்ப்புச் சொன்னார். "எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"அப்ப மூணு. அசல் வாட்ச்னா இப்படித்தான். மனுஷனை மதிச்சு, முடிவை அவன்கிட்டயே விட்டுரும்."

வாரிலும் அதே கதை. ஒரு பாதி நீளம், ஒரு பாதி குட்டை. நீளத்தில் ஓட்டைகள் வேறு. "ஓட்டைத் துணியை எவனோ தலையில கட்டியிருக்கான்" என்று சோணைமுத்து அதையும் வெட்டிச் சமமாக்கினார். இப்போது வார் கையைச் சுற்றி வரவில்லை. இரண்டு நுனியிலும் ஜாக்கெட் துணியில் ஒட்டுப் போட்டு ஊக்கு வைத்துத் தைத்தார். கட்டிப் பார்த்தால் அம்சமாகத்தான் இருந்தது.

வெள்ளைச்சாமி மெல்ல வாட்சைக் காதில் வைத்துக் கேட்டான். டிக் டிக். அப்பாடா, செவந்தி இருக்கிறாள். "போதும்ணே, இதோட அசல்னு சொல்லிருங்க" என்று கெஞ்சினான்.

"பின்மூடியைத் திறக்காம எப்படிச் சொல்றது? சங்கத்துக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?" என்றார் தலைவர்.

திறந்தார்கள். திறந்ததும் இருளப்பன் "அய்யய்யோ" என்றார். உள்ளே பல்சக்கரங்கள் பெரிசும் சிறிசுமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இருளப்பன் பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றின் பல்லையும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் தலை ஆடியது.

"தலைவரே, ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் பல்லு ஒத்து வரலை. இது கிழடு. இது நடுவயசு. இந்தா, இந்த ஓரத்துல இருக்கே, இது பால்குடி மறக்காத குட்டி!"

"எல்லாம் ஒரே வயசா இருக்கணும்னு கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே" என்று பரமகுரு நெஞ்சில் கை வைத்தார்.

"தாயும் குட்டியுமா இருந்தா?" என்றார் சோணைமுத்து. அவருக்கு இளகிய மனசு.

"குட்டியைக் கூட வச்சு விக்கிறது ஆட்டுல சரி. வாட்ச்ல சரியா வராது."

ஆகவே, ஒரே வயசில் இருந்த இரண்டு சக்கரங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துத் துண்டின் மேல் போட்டார்கள். மில்லில் திடீரென்று ஓர் அமைதி. அந்த டிக் டிக் இல்லை.

"நின்னுபோச்சே!" வெள்ளைச்சாமி அலறினான்.

பரமகுரு அவன் தோளைத் தட்டினார். "இதுவரைக்கும் போலியா ஓடுச்சு. இப்ப அசலா நிக்குது. சந்தோஷப்படு."

வெள்ளைச்சாமியால் சந்தோஷப்பட முடியவில்லை. நாளைக்குக் காலையில் மாமனார் வருகிறார். வாட்ச் நின்றுவிட்டது. செவந்தி பெட்டியோடு பஸ் ஏறுவது அப்படியே கண் முன்னால் தெரிந்தது. இனி அவனுக்காகச் சோற்றைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? "எனக்கு அசல் வேணாம்ணே, செவந்திதான் வேணும்! அந்தச் சக்கரத்தை எல்லாம் திருப்பிப் போடுங்க!" என்று மாவு மூட்டையில் முகத்தைப் புதைத்து அழுதான். நிமிர்ந்தபோது முகமெல்லாம் மாவு. பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

சங்கத்தார் மனசு இரங்கித் திரும்பினால், துண்டு காலி. மில்லில் சிந்துகிற நொய்யைப் பொறுக்க வரும் கோழி, சக்கரங்களையும் நொய் என்று நினைத்து ஒன்றுவிடாமல் கொத்தி முழுங்கிவிட்டு நின்றது.

இருளப்பன் கோழியைப் பிடித்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

"டிக் டிக்னு கேக்குதா?"

"கொக் கொக்னுதான் கேக்குது."

"உள்ளே வேற பாகம் போயிருச்சு. இனிமே இது அசல் கோழி இல்லை" என்று பரமகுரு கோழியையும் தள்ளுபடி செய்தார்.

வெள்ளைச்சாமி அழுகிற சத்தத்தில் யாருக்கும் யோசனை ஓடவில்லை. கடைசியில் வழி சொன்னவர் சோணைமுத்து. "உங்க மாமனார் வாட்சை எப்படிப் பார்ப்பாரு? ஏதாவது சுத்துதான்னுதானே பார்ப்பாரு?" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து அரிசி மூட்டையிலிருந்து ஒரு வண்டை எடுத்தார். கருத்த, சுறுசுறுப்பான அரிசி வண்டு. அதை முகப்பின் மேல் விட்டுக் கண்ணாடியை மூடினார். வண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் வரிசை மாறாமல் நடக்க ஆரம்பித்தது. பார்க்கப் பார்க்க வெள்ளைச்சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தி இருந்த முள்ளைவிட இது கொஞ்சம் பொறுப்பாகவே நடந்தது.

மறுநாள் காலையில் அழகுமலை வந்து இறங்கினார். மைபோலக் கருத்த தலைமுடி. வாய் நிறையப் பல். சாய்ந்து சாய்ந்து நடக்கிறவர், பட்டாளத்துக்காரர் மாதிரி நிமிர்ந்து விறுவிறுவென்று நடந்து வந்தார். சங்கம் மொத்தமும் வெள்ளைச்சாமிக்குத் துணையாக வீட்டு வாசலில் நின்றது.

"வாட்ச் எங்க மாப்ளே?"

வெள்ளைச்சாமி கையை நீட்டினான். மாமனார் குனிந்து பார்த்தார். வண்டு நாலைத் தாண்டி ஐந்துக்குப் போனது. மாமனார் முகம் மலர்ந்தது. "பேஷ். அப்படியே ஓடுது."

ஐந்தில் வண்டு நின்றது. யோசித்தது. திரும்பி நாலுக்கு நடந்தது.

"ஏன் மாப்ளே பின்னாடி வருது?"

வெள்ளைச்சாமி சமாளித்தான். "எதையாவது மறந்துட்டுப் போயிருக்கும் மாமா. எடுத்துக்கிட்டு வந்துரும்."

அழகுமலை அதை ஏற்றுக்கொண்டு காத்திருந்தார். நியாயமான மனுஷன். வண்டு நாலுக்கு வந்து, மூன்றுக்கு வந்து, மல்லாந்து விழுந்து காலை உதறியது. பிறகு அசையவில்லை.

"நின்னுபோச்சு" என்றார் அழகுமலை. "சொன்ன சொல்லுதான் மாப்ளே. அம்மா செவந்தி, பெட்டியைக் கட்டு!"

சொன்ன பேச்சைத் தட்டாத செவந்தி உள்ளே போய்க் கயிறு எடுத்து வந்து பெட்டியைக் கட்டிலோடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தாள். கட்டும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வெள்ளைச்சாமிக்கு உலகமே இருண்டது.

"ஒரு நிமிஷம்." பரமகுரு பூதக்கண்ணாடியோடு முன்னால் வந்தார். மாமனார் வந்ததிலிருந்து அவர் ஒருமாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அய்யாவுக்கு வயசு என்ன?"

"எழுபது."

"தலைமுடி இவ்வளவு கருப்பா இருக்கே?"

அழகுமலைக்குப் பெருமை பிடிபடவில்லை. "புதுசா மை அடிச்சது! முடி மட்டுமில்லைங்க, பல்லைப் பாருங்க!" என்று வாயை ஆவென்று திறந்தார்.

இருளப்பனுக்குக் கேட்கவா வேண்டும். தாடையைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தவர், பயந்து பின்வாங்கினார். "தலைவரே, ஆளு எழுபது. பல்லு இன்னும் ஒரு வயசைத் தாண்டலை."

"கண்ணுலயும் புது லென்ஸ் வச்சிருக்கு! முழங்கால் பாருங்க, பூரா மாத்திட்டாங்க!" என்று அழகுமலை வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

சங்கம் தழும்பைப் பார்த்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"மூடியைத் திறந்திருக்காங்க" என்றார் சோணைமுத்து கிசுகிசுப்பாக.

"நம்பர் ஏதும் உண்டா?" என்றார் பரமகுரு.

"ஏன் இல்லை? முழங்காலுக்குன்னு தனி நம்பர் இருக்குன்னு டாக்டரே சொன்னாரே!"

சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார்கள். முதுகில் நம்பர் எதுவும் இல்லை. பரமகுரு பூதக்கண்ணாடியை மடித்துப் பைக்குள் வைத்தார். துக்க வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்.

"வெள்ளைச்சாமி, இவர் உங்க மாமனார் இல்லை. முடி ஒரு வயசு, பல்லு ஒரு வயசு, முழங்கால் ஒரு வயசு. ஒண்ணுக்கொண்ணு ஜோடியே இல்லை. நல்ல வேலைப்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனா அசல் இல்லை."

செவந்தி கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நானும் வந்ததுல இருந்து பார்க்கிறேன். எங்கப்பாவுக்கு நரைச்ச முடி. சாய்ஞ்சு சாய்ஞ்சு நடப்பாரு. மேல்பல்லு ரெண்டு இருக்காது. குரல் மட்டும்தான் அப்படியே இருக்கு."

"குரலை மட்டும் அசல்ல இருந்து எடுத்துப் போட்டிருக்காங்கம்மா" என்றார் இருளப்பன்.

அழகுமலைக்கு வேர்த்துக் கொட்டியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு என் பொண்டாட்டியே சொன்னா, 'நீங்க ஆளே மாறிட்டீங்க'ன்னு. சிரிச்சுக்கிட்டு இருந்துட்டேனே! அப்ப அசல் நான் எங்க?"

"வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்க" என்றார் பரமகுரு.

போட்டார். "ஏம்மா, வீட்ல நான் இருக்கேனா?"

அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வாசல் வரை கேட்டது. "இல்லையே! காலையிலேயே கிளம்பிச் செவந்தி வீட்டுக்குப் போயிட்டீங்களே!"

அழகுமலை போனை வைத்தார். "கிளம்பிட்டாராம். இன்னும் வந்து சேரலை."

வெள்ளைச்சாமிக்குப் பழைய பயம் திரும்ப வந்தது. அசல் மாமனார் எந்த பஸ்ஸில் வேண்டுமானாலும் வந்து இறங்கலாம். வாட்சைப் பார்த்தான். வண்டு மல்லாந்தே கிடந்தது. "என்னை விட்டுப் போயிராத செவந்தி" என்று தழுதழுத்தான்.

அதைப் பார்த்ததும் அழகுமலைக்கு மனசு கேட்கவில்லை. "அழாதீங்க தம்பி. இன்னொருத்தர் பொண்ணைக் கூட்டிட்டுப் போக நான் யாரு? நான் பஸ் ஸ்டாப்புல போய் நிக்கிறேன். உங்க மாமா வந்து இறங்கினா, வாட்ச் நல்லா ஓடுது, நானே பார்த்தேன்னு சொல்லி அப்படியே திருப்பி அனுப்பிடுறேன். ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

"நரைச்ச முடி. சாய்ஞ்ச நடை. மேல்பல்லு ரெண்டு இருக்காது" என்றாள் செவந்தி.

அழகுமலை நெற்றியைச் சுருக்கினார். "அந்த ஆளை நான் எங்கேயோ பார்த்திருக்கேன். முன்னாடி எல்லாம் சவரம் பண்ணும்போது அடிக்கடி பார்ப்பேன். இப்பக் கொஞ்ச நாளா ஆளையே காணோம்."

அப்பாவுக்கென்று வைத்த கறிக்குழம்பைச் செவந்தி தூக்குவாளியில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். "எங்கப்பா வந்தா குடுங்க. நீங்க தொட்டுறாதீங்க" என்றாள். அவர் தூக்குவாளியைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு, புது முழங்காலில் விறுவிறுவென்று நடந்தார். அப்போது வாட்சுக்குள் வண்டு ஒரு உதறு உதறி நிமிர்ந்து, மூன்றிலிருந்து நாலுக்கு நடக்க ஆரம்பித்தது.

வெள்ளைச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையை உயர்த்திக் காட்டி, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். "அய்யா, திரும்ப ஓடுது! மாமா வந்தா மறக்காம சொல்லிருங்க!"

அழகுமலை நின்று திரும்பினார். தூக்குவாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார். "கண்டிப்பாச் சொல்றேன் தம்பி. பின்னாடி வந்ததை மட்டும் நான் மூச்சு விட மாட்டேன்."